ரக்கியாவின் கோழிகள் இடம் மாறிய வருஷம்

ரக்கியா என் வேனில் ஏறினால் அவள் கோழிகளைக் கூரைமேல் கட்ட விடமாட்டாள். செவ்வாய்ச் சந்தைக்குப் போகிற மற்றப் பெண்கள் கோழிகளைக் கூடையோடு என்னிடம் தந்துவிடுவார்கள். நான் அவற்றை மேலே ஏற்றி, ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் கயிறு போட்டு இறுக்குவேன். ரக்கியா மட்டும் முன்சீட்டில், மடியில் இரண்டு, காலடியில் இரண்டு என்று வைத்துக்கொண்டு உட்காருவாள்.

"மேல வச்சா காத்துல கொண்டை சுருங்கிரும்டா மோஹா. சந்தையில போய் நோஞ்சானாட்டம் நிக்கும். ரூமின்னு நெனச்சிருவானுங்க" என்பாள். பண்ணையில் வளர்கிற வெள்ளைக் கோழிக்குத்தான் நாங்கள் ரூமி என்போம். அவள் வாயில் அது ஒரு வசவு.

எங்கள் மலைக்கிராமமான அயித் ஊர்சாவில் கோழி இல்லாத வீடு கிடையாது. விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டால் அவை எருக்குழி, ஆப்பிள் தோப்பு, கருவாலி மரக் காட்டு ஓரம் என்று மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது தானாகத் திரும்பிவிடும். ஆனாலும் கோழி என்றால் ரக்கியாதான். பெரிய விருந்தாளி வந்தால் சேவலுக்கு அவள் வீட்டுக்குத்தான் ஆள் போகும். குழந்தை பெற்ற பெண்ணுக்கு மூன்றாம் நாள் வெந்தயமும் பருப்பும் போட்டு, ரொட்டியைப் பிய்த்துப் பரப்பி, மேலே கோழியை வைத்துக் கொடுக்க வேண்டுமே, அந்தக் கோழிக்கும் அவள் வீடுதான். அவளும் எளிதில் கொடுத்துவிட மாட்டாள். பிரசவம் எப்படி, பால் சுரந்ததா, மாமியார் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எந்தக் கோழி என்று முடிவு செய்வாள். மூன்று பையன்களைப் பெற்று வளர்த்து நகரத்துக்கு அனுப்பியவள். அவர்களைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வாள். சாம்பலி என்கிற பெட்டைக்கோழியைப் பற்றிக் கேட்டால் சந்தை வரும் வரை சொல்வாள்.

அவள் புருஷன் அஸ்ஸு பேச்சுக் குறைந்த மனுஷன். அவனுடைய தம்பி ஸாயித் மெக்னெஸ் நகரத்தில் ஓடு சுடும் சூளையில் வேலை பார்த்தான். சூளையை மூடிவிட்டார்கள். பனி உருகிய மாசி வாக்கில் அவனும் அவன் பெண்டாட்டி இத்தோவும் மெத்தை, அடுப்பு, தையல் மெஷினோடு என் வேனிலேயே வந்து இறங்கினார்கள். அப்பன் கட்டிய வீட்டில் பாதி ஸாயித்துக்கு உரியது. ஒரே முற்றம். இந்தப் பக்கம் ரக்கியாவின் வாசல், எதிரே இத்தோவின் வாசல்.

இத்தோவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். நகரத்துக்காரி. கோழியை எப்படித் தூக்குவது என்றுகூடத் தெரியாது. றெக்கையை ஒற்றைக் கையால் பிடித்து, அது அடித்த அடியில் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ரக்கியா பெரிய மனசு பண்ணி அவளுக்கு இரண்டு கோழிகளைக் கொடுத்தாள். பெரிய மனசு என்று ஊர் சொன்னது. கொடுத்த கோழிகள் எப்படிப்பட்டவை என்று பிறகு என்னிடம் ரக்கியாவே சொன்னாள். ஒன்று முட்டையைத் தானே கொத்திக் குடிப்பது. இன்னொன்று, மொட்டைக்கழுத்தி, இரண்டு வருஷமாக அடை உட்காராதது.

சித்திரையில் அந்த மொட்டைக்கழுத்தி இத்தோவின் பழைய மாவுத்தொட்டியில் அடை உட்கார்ந்தது. பதின்மூன்று முட்டை வைத்தாள். பதின்மூன்றும் பொரித்தன. முட்டை குடித்தது அந்தப் பழக்கத்தையே மறந்துவிட்டது.

"பதின்மூணுல பதின்மூணா?" என்று வேனில் பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"கணக்குத் தெரியாம எண்ணியிருப்பா" என்றாள் ரக்கியா, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே.

அதற்குப் பிறகுதான் அவளுடைய சொந்தக் கோழிகள் நகரத் தொடங்கின. முதலில் கருப்பி. காலையில் ரக்கியாவின் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் காட்டுப் பக்கம் போகாமல் நேராக எதிர்வாசலுக்குப் போனது. அடுத்த வாரம் செம்பி. வைகாசி முடிவதற்குள் சாம்பலியே போய்விட்டது. மேய்ச்சலுக்குப் போவது வேறு. சாம்பலி கேறிக்கொண்டு அங்கே ஓடி, இத்தோவின் தொட்டியில் முட்டையிட்டு, அங்கேயே நின்று கொக்கரித்தது.

இத்தோ அந்த முட்டைகளை வைத்துக்கொண்டிருந்தால் ரக்கியா ஒரு நல்ல சண்டை போட்டு மனசை ஆற்றியிருப்பாள். ஆனால் இத்தோ தினமும் நடுப்பகலில் ஒரு நீலக் கிண்ணத்தில் முட்டைகளை வைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வருவாள். மூத்தவளை மரியாதையாக லல்லா என்பது எங்கள் வழக்கம்.

"லல்லா, உங்க சாம்பலி இன்னிக்கும் நம்ம பக்கமே போட்டிருச்சு. சூடு ஆறல பாருங்க."

"வச்சிட்டுப் போ."

"நான் வெரட்டித்தான் விடறேன், லல்லா. போக மாட்டேங்குது."

"வச்சிட்டுப் போன்னு சொன்னேன்ல?"

ரக்கியா சாம்பலியைக் காலில் துணி கட்டி இரண்டு நாள் உள்ளேயே வைத்தாள். அவிழ்த்துவிட்டதும் அது ஒரே ஓட்டமாக எதிர்வாசலுக்குப் போனது. ஒரு பக்க றெக்கையை நறுக்கினாள். அது நடந்தே போனது. பார்லியைக் கூடுதலாக இறைத்தாள். தின்றுவிட்டுப் போனது.

செய்தி வேனுக்கு வராமல் இருக்குமா? "ரக்கியா, உன் கோழிங்க தனிக்குடித்தனம் போயிருச்சாமே?" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி. "மாமியா கொடுமைடி, பாவம் அதுகளும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கும்" என்று இன்னொருத்தி. வேனே குலுங்கியது. ரக்கியா மடியிலிருந்த சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தச் சேவல் வலி தாங்காமல் கத்தியது. அவ்வளவு அழுத்தமாகத் தடவியிருக்கிறாள்.

ஆனி மாதம் மிமூன் வீட்டில் பேத்தி பிறந்தாள். மிமூன் எங்கள் ஊர் இடையன்; பத்து வீட்டு ஆடுகளைச் சேர்த்து மேய்க்கிறவன். ரக்கியா கோழி ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் மிமூனின் பெண்டாட்டி முற்றத்துக்குள் வந்தாள். ரக்கியா எழுந்து மேலங்கியை உதறினாள். வந்தவள் இவளுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டு, எதிர்வாசலில் போய் நின்று, "இத்தோ, நல்ல ராசிக்காரி நீ. உன் கையால ஒரு கோழி குடு" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரக்கியா சாப்பிடவில்லை. அதைச் சொல்லும்போது என்னிடம் இப்படிச் சொன்னாள்: "வயித்துக்குள்ள யாரோ கரி அடுப்பு மூட்டின மாதிரி இருந்துச்சு மோஹா. என் பேரை எடுத்து அவளுக்குச் சூட்டிட்டாங்க. அவ கோழி தூக்கத் தெரியாம கீழ போட்டதை நான் பாத்தேன்டா. என் கண்ணால பாத்தேன்." அன்று முதல் மிமூன் சலாம் சொன்னாலும் அவள் பதில் சொல்வதில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை விடிகாலை, தண்ணீர் எடுக்க வெளியே வந்தவள் பின்சுவரின் மேல் ஒரு மரநாய் போவதைப் பார்த்தாள். புள்ளி போட்ட உடம்பு, உடம்பளவுக்கு வால். அவசரமே இல்லாமல் நடந்து, இத்தோவின் கூட்டுப் பக்கம் நின்று மோந்து பார்த்துவிட்டு, காட்டுக்குள் இறங்கியது. மரநாய் ஒரு முறை மோந்துவிட்டால் திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கோழியோடு நிறுத்தாது என்பதும் தெரியும்.

அன்று காலையிலேயே அவள் தன் கோழிகள் அடைகிற கோவேறு கழுதைக் கொட்டிலைச் சுற்றி வந்து, கை நுழைகிற ஓட்டைகளை எல்லாம் கல்லும் பழைய தகரமும் வைத்து அடைத்தாள். எதிரே இத்தோவின் கூட்டில், கதவுக்கும் நிலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. முற்றத்தின் நடுவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"என்ன லல்லா, மழைக்கு முன்னாடியே வேலைய முடிக்கிறீங்களா?" என்று இத்தோ கேட்டாள்.

"ஆமா" என்றாள் ரக்கியா.

சனி போயிற்று. ஞாயிறு போயிற்று. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாளாம். ராசிக்காரிதானே, அவள் ராசி பார்த்துக்கொள்ளட்டும் என்றும் நினைத்தாளாம். திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரம் மனசு கேட்காமல் முற்றத்தில் பாதி தூரம் போனாள். அப்போது பார்த்து இத்தோ வாசலில் தலையை நீட்டி, "லல்லா, சாம்பலி இன்னிக்கு ராத்திரிக்கும் இங்கேயே ஏறிப் படுத்துக்கிச்சு. கூட உங்களுது மூணு இருக்கு. புடிச்சிட்டு வந்து தரவா?" என்றாள்.

ரக்கியா நின்றாள். "வேணாம். தேடிப் போன எடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் செவ்வாய். நான் வழக்கம்போல விடியும்போதே வேனைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். உள்ளே ஐந்தாறு பெண்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஹாரன் அடித்தேன், யாரும் வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் முற்றத்தில் கோழிகள் வரிசையாகக் கிடந்தன. பதினொன்று. எல்லாவற்றுக்கும் கழுத்தில்தான் கடி. ஒன்றைக்கூட முழுசாகத் தின்றிருக்கவில்லை. இத்தோ அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிலிருந்து எடுத்து வந்து போட்டுக்கொண்டிருந்தாள். மொட்டைக்கழுத்தியும் அதில் இருந்தது.

கடைசியாகச் சாம்பலியைக் கொண்டுவந்தாள். அதை மட்டும் கீழே போடாமல் இரண்டு கையாலும் ஏந்தி ரக்கியாவிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் தூக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"உங்களுது லல்லா. என் கூட்டுல செத்துப் போச்சு. நேத்தே புடிச்சிக் குடுத்திருக்கணும்."

ரக்கியா வாங்கிக்கொண்டாள்.

ஸாயித்துக்கு வெறி பிடித்துவிட்டது. "மிமூன் நாய்தான்! வேற எது? அன்னைக்கு நம்ம கோழி வாலைப் பிடிச்சு இழுத்துச்சுல்ல, அந்த மஞ்ச நாய்!" என்று கத்தினான். "அண்ணே, துப்பாக்கிய எடு!"

காட்டுப்பன்றிக்காக அஸ்ஸு ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தான். செத்ததில் நாலு அவன் வீட்டுக் கோழி. அவன் உள்ளே போய் அதை எடுத்து வந்தான். நல்ல நேரம் பார்த்து மிமூன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தான், பின்னால் அந்த நாய். சத்தம் கேட்டு நின்றான். விஷயம் புரிந்ததும் குனிந்து நாயைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

"ராத்திரி பூரா ஆட்டோட இருந்துச்சு ஸாயித். சத்தியமாச் சொல்றேன். பட்டியை விட்டு எறங்கல."

"உன் நாய்க்கு நீ சாட்சியா? வெலகு!"

"என்னையும் சேத்துச் சுடு அப்படின்னா."

"வெலகுறியா இல்லையா?"

வேனிலிருந்த பெண்கள் இறங்கி வந்து நின்றார்கள். ஸாயித் அண்ணன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினான். மிமூன் நாயை விடவில்லை.

"நாய் இல்ல" என்றாள் ரக்கியா.

யாரும் கவனிக்கவில்லை. அவள் சாம்பலியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்துபோய் ஸாயித்துக்கும் மிமூனுக்கும் நடுவில் நின்றாள். "நாய் இல்லடா, மரநாய். சனிக்கிழமை காலையில பாத்தேன். அந்தச் சுவத்து மேல."

"சனிக்கிழமையா?" ஸாயித்துக்குப் புரியவில்லை. "எந்தச் சனிக்கிழமை மதினி?"

"இப்ப போன சனிக்கிழமை. உங்க கூட்டை மோந்து பாத்துட்டுப் போச்சு. நான் என் கொட்டிலை அடைச்சேன். உங்ககிட்ட சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்திருக்கலாம். ஸாயித்தே கதவைத் திறந்துவிட்டான். அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

"மறக்கல. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். என் கோழியெல்லாம் இவகிட்ட வந்துச்சு. ஊரே இவகிட்ட வந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான்."

அஸ்ஸு தம்பி கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, அதன் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். மிமூன் நாயை விட்டான். அது உடனே ஆடுகளிடம் ஓடிவிட்டது.

எல்லாரும் இத்தோவைப் பார்த்தோம். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்து, கழுத்தெல்லாம் சிவந்து, "நான் போட்டேன்" என்றாள்.

"என்னத்தப் போட்ட?" என்றாள் ரக்கியா.

"தவிடு. மோர்ல ஊற வச்ச பார்லித் தவிடு. தெனமும் நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சு என் வாசல்ல போட்டேன். அதுக்குத்தான் உங்க கோழிங்க வந்துச்சு. ராசியும் இல்ல, மண்ணும் இல்ல."

"ஏன்டி?"

"ஏனா? வந்த நாள்லேருந்து எல்லாரும் என்னை ரக்கியாவோட ஓரகத்தி, ரக்கியாவோட ஓரகத்தின்னுதான் கூப்பிட்டாங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்கான்னு ஒருத்தராவது கேட்டாங்களா? நீங்க குடுத்த கோழி ரெண்டும் சொத்தைன்னு எனக்குத் தெரியாதா? நகரத்துக்காரின்னா முட்டாளா?"

"அப்ப முட்டைய எதுக்குத் திருப்பிக் குடுத்த? நல்லவளாட்டம்!"

"முட்டை யாருக்கு வேணும்? கிண்ணத்தை வாங்கும்போது உங்க மூஞ்சி போற போக்கைப் பாக்கணும் எனக்கு. அதுக்காகத்தான் நானே கொண்டுவந்தேன்."

அப்புறம் நடந்த சண்டையை என்னால் முழுசாக எழுத முடியாது. வைகாசியிலிருந்து சேர்த்து வைத்ததை இருவரும் கொட்டினார்கள். இடையில் பதினொரு கோழிகள் கிடந்தன. ரக்கியா சாம்பலியைக் கையிலிருந்து இறக்காமலேயே கத்தினாள். ஸாயித் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வேன் பெண்களில் ஒருத்தி என் காதருகே வந்து, "இன்னிக்குச் சந்தை இல்லடா மோஹா. டீ போடச் சொல்லு" என்றாள். உண்மையிலேயே அன்று யாரும் சந்தைக்குப் போகவில்லை.

அஸ்ஸு இரண்டு வாரம் பெண்டாட்டியோடு பேசவில்லை. பேச்சுக் குறைந்தவன் என்பதால் மூன்று நாள் கழித்துத்தான் அது அவளுக்கே தெரிந்ததாம். ஊரிலும் கிசுகிசுத்தார்கள். வாயைத் திறக்காமலே அடுத்தவள் கோழியைக் கொன்றவள் என்றார்கள். சேவல் கேட்டு யாரும் அவள் வாசலுக்குப் போகவில்லை. இத்தோவின் வாசலுக்கும் போகவில்லை. தவிடு போட்டுத் திருடியவள் என்று அவளுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

ரக்கியா ஒரு நாள் சூடான ரொட்டி மூன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு மேலே ஆட்டுப்பட்டிக்குப் போனாள். மிமூன் ரொட்டியை வாங்கி மோந்து பார்த்தான்.

"நாய் பொழச்சுது, அது போதும்" என்றான். "ஆனா ஒண்ணு கேக்கணும். பேத்தி பொறந்தப்ப உன்கிட்ட வரலேன்னுதானே ரெண்டு மாசமா என் சலாமுக்குப் பதில் சொல்லல?"

"ஆமா."

"நான் காது கேக்காமப் போச்சோன்னு நெனச்சேன். பாவமேன்னு இன்னும் சத்தமாச் சொன்னேன்."

அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாளாம். அந்தப் பதினொரு கோழிகளுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

புரட்டாசியில் செம்பி அடை உட்கார்ந்தது. மரநாய் புகுந்த அன்று ராத்திரி கூட்டுக்கு வராமல் காட்டோரம் எங்கோ தங்கித் தப்பித்த கோழி அது. ரக்கியாவிடம் இருந்ததில் நல்ல அடைகோழி அதுதான். அவள் அதைக் கூடையோடு, கீழே பன்னிரண்டு முட்டையோடு தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினாள். இத்தோ வாசலை மறித்து நின்றாள்.

"எனக்கு வேணாம் லல்லா. நாளைக்கு இதையும் தவிடு போட்டு இழுத்தேன்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவீங்க."

"சரி, சொல்லுவேன். இப்ப புடிடி, கை வலிக்குது. முட்டை ஆறுது."

இத்தோ வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டில் ஒன்பது பொரித்தன. "ஒம்பதுதானா" என்றாள் ரக்கியா. அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்க நினைத்ததாகவும் தெரியவில்லை. அஸ்ஸுவும் ஸாயித்தும் சேர்ந்து இரண்டு கூட்டுக்கும் தகரக் கதவு போட்டார்கள். மரநாய் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. இரண்டு தடவையும் முதலில் பார்த்தவள் எதிர்வாசலுக்குக் கேட்கும்படி கத்தினாள். ஒரு முறை ரக்கியா, ஒரு முறை இத்தோ.

இப்போது இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இருவரும் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். பேசிக்கொள்கிறார்கள், ஒரே தட்டில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஊர்க்காரர்களும் பழையபடி வருகிறார்கள். புத்திசாலிகள் ஒரு பிரசவத்துக்கு இந்த வாசல், அடுத்த பிரசவத்துக்கு அந்த வாசல் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பொறாமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாங்க வருகிறவன் இத்தோவின் கோழியை எடுத்து மார்பை அழுத்திப் பார்த்தால் ரக்கியாவின் தாடை இறுகும். ரக்கியாவின் சேவலை ஒருவன் புகழ்ந்தால் இத்தோ கூடையில் இல்லாத வைக்கோலைச் சரிசெய்வாள்.

போன வாரம் சந்தைக்குப் போகும்போது இத்தோ வரவில்லை, காய்ச்சல். அவளுடைய சேவலையும் ரக்கியாதான் விற்க எடுத்துவந்தாள். முன்சீட்டில் ஒரு தொடையில் தன் சேவல், மறு தொடையில் இத்தோவின் சேவல். ஆற்றுப் பாலம் தாண்டியதும் என்னைக் கேட்டாள்.

"மோஹா, உண்மையச் சொல்லு. எது பெருசு?"

"ரெண்டும் ஒரே அளவுதான் லல்லா."

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள். சந்தை வரும் வரை அவள் என்னோடு பேசவில்லை.